ஆவணி இருபது, சிங்ஙம் இருபது

போடிநாயக்கனூரில் வேலுத்தாய் என்ற பேரில் நாலு பேர் இருந்தார்கள். 'பிளேட்டு வேலுத்தாய்' என்றால் ஒருத்திதான். சத்தியநேசனின் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். இருபது வருசத்துக்கு முன்னால், பதினாறு வயசில், மெட்ராசுக்குப் போய் ஒரு கிராமபோன் பிளேட்டில் பாடிவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னால் போதுமா? அந்தப் பிளேட்டை ஊரில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை, காதால் கேட்டதுமில்லை. அட, பாடினேன் என்று சொன்னவளே கேட்டதில்லை. சாட்சி இல்லாத ஒரு பெருமையைச் சுமந்துகொண்டு இருபது வருசம் ஊருக்குள் நடமாடுவது லேசுப்பட்ட காரியமா?

ஆனால் நடந்தது நடந்ததுதான். அவளுடைய அப்பன் காசிமாயன், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த ஓர் ஏல எஸ்டேட்டில் கங்காணி. அந்த வருசம் போடியில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியின் ஆர்மோனியக்காரர், தொண்டைக்கு நல்லது, மலையில் வாங்கினால் சல்லிசு என்று ஏலக்காய் வாங்க மெட்டு ஏறினார். எஸ்டேட்டில் காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு வெளியே பெண்கள் உட்கார்ந்து பாடிக்கொண்டே பச்சைக் காயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குரலைக் கேட்டவர் வந்த சோலியை மறந்து நின்றுவிட்டார். கம்பெனியின் கதாநாயகி பாட்டு ஒன்றைப் பிளேட்டாக்குவதற்கு மெட்ராசில் நாள் குறித்திருந்தது. கூடப் பாட வேண்டிய பெண்ணுக்கோ விஷக்காய்ச்சல். ஆர்மோனியக்காரர் காசிமாயனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச, அப்பனும் மகளும் ரயிலேறினார்கள்.

சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறையில், உயரம் பற்றாது என்று வேலுத்தாயை ஒரு மரப்பெட்டி மேல் ஏற்றி நிறுத்திப் பாடச் சொன்னார்கள். மெட்டு ஏறி வரும் மேகம் மேலாக்கை நனைக்கிறது என்று ஒரு பாட்டு. மூன்று நிமிசத்தில் முடிந்துவிட்டது. பிளேட்டின் மேல் கதாநாயகியின் பேர் மட்டும்தான் அச்சாகும் என்றார்கள். வேலுத்தாய்க்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் ரயிலேறி வந்துவிட்டாள். அடுத்த ஊர் முகாமிலேயே கம்பெனி கலைந்துபோனதாகச் சேதி வந்தது. அந்தப் பிளேட்டு எங்கே போயிற்றோ, யார் வீட்டில் சுற்றியதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

கல்யாணமான மூன்றாம் நாள் புருசனிடம் இதைச் சொன்னாள். மொக்கச்சாமி அதே கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு வாரத்துக்கு இத்தனை வார்த்தைதான் என்று யாரோ அளந்து கொடுத்ததுபோல் பேசுகிற ஆள். கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி," என்றார்.

பதினேழு வருசமாக அந்தச் 'சரி' அப்படியே இருந்தது. கூடக் காய் பொறுக்குகிற முனியாயி மாதிரி ஆட்கள் கேலி பண்ணினால் பதிலுக்கு நாலு கேட்கலாம், மனசு ஆறிவிடும். அழுகிற குழந்தையிடம் சொல்வதுபோல் ஒருத்தர் 'சரி சரி' என்றால் அவரோடு எப்படிச் சண்டை போடுவது? ஊர் நம்பாததைக்கூட வேலுத்தாய் சகித்துக்கொண்டாள். வீட்டுக்குள் இருக்கிற அந்த ஒரு ஆள் நம்பாததுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

இந்த நிலைமையில்தான் சத்தியநேசன் முதலாளி வீட்டில் ரேடியோ வந்திறங்கியது. ரேடியோ முதலாளிக்கு அல்ல, அவர் சம்சாரம் கிரேஸ் அம்மாளுக்கு. நம்ம தேசத்து ரேடியோவில் அப்போது சினிமாப் பாட்டுக்கு இடமில்லை. கடல் தாண்டி வருகிற ஸ்டேசனைத்தான் சனங்கள் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். போடியில் அதற்குப் பேரே 'அக்கரை ரேடியோ'. அந்த அக்கரை ரேடியோவில் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு, பாட்டு உலகத்தில் அதே தேதியில் முன்னொரு காலத்தில் என்னென்ன நடந்தது என்று கால் மணி நேரம் சொல்வார்கள். இன்ன வருசம் இதே நாளில் ஒரு பாகவதர் ரயிலைத் தவறவிட்டு ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்து பாடினார், கூட்டம் கூடி அடுத்த ரயிலும் போய்விட்டது. இன்ன வருசம் இதே நாளில் ஒரு கல்யாணத்தில் நாகசுரத்துக்குப் பதிலாகப் பிளேட்டு வைத்தார்கள், முள் உடைந்து தாலி கட்டுவது ஒரு மணி நேரம் தாமதமானது. இந்த மாதிரி. நேயர்களும் எழுதிப் போடலாம்.

கிரேஸ் அம்மாள் கார்டும் பேனாவுமாகவே உட்கார்ந்திருப்பாள். பொறுக்குகிற பெண்களுக்கும் கேட்கட்டும் என்று ரேடியோவைக் கிட்டங்கி வாசலில் வைத்திருந்தாள். நல்ல மனுசி, ஆனால் அவசரக்காரி.

"வேலுத்தாயி, ஒம் பிளேட்டு விசயத்த நான் எழுதிப் போடப்போறேன். என்னைக்குப் பாடுன? தேதி சொல்லு."

"இங்கிலீசுத் தேதியெல்லாம் எனக்கெங்கம்மா தெரியும்? சிங்ஙம் இருபது. எங்கப்பன் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. 'சிங்ஙம் பத்தொம்பது, இருபது, இருபத்தொண்ணு மூணு நாளும் ஒனக்கு எஸ்டேட்டுல ஆப்சென்ட்டு, நடு நாளுதான் நீ பாடுனது'ன்னு."

சிங்ஙம் என்பது மலையாளத்து மாசம். மெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் ஆள் பேர்ப் பதிவெல்லாம் அந்தக் கணக்கில்தான். "சிங்ஙம்னா நம்ம ஆவணிதான?" என்றாள் கிரேஸ் அம்மாள். ஆவணிதான் என்று கிட்டங்கியே சொன்னது. மலைக்குப் போய் வருகிற போடிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விசயம்தானே. பக்கத்துத் தெருவில் ஒருத்தர் வீட்டுப் பரணிலிருந்து அந்த வருசத்துப் பஞ்சாங்கத்தைத் தேடியெடுத்துப் பார்த்தார்கள். ஆவணி இருபது, செப்டம்பர் நாலு. கிரேஸ் அம்மாள் எழுதிவிட்டாள். ஒரு மாசம் கழித்து அக்கரையிலிருந்து பதிலும் வந்தது: 'தங்கள் கடிதம் கிடைத்தது. உரிய நாளில் சேர்த்துக்கொள்ள முயல்கிறோம்.'

அந்தக் கார்டு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுக் கிட்டங்கிக்குத் திரும்பி வந்தபோது அதன் நாலு மூலையும் மடங்கியிருந்தது.

செப்டம்பர் நாலாம் தேதி சாயங்காலம் கிட்டங்கி வாசலில் எள் போட்டால் எள் விழாது. காய் வாங்க வந்த வியாபாரிகள், மாட்டுவண்டிக்காரர்கள், சிலமலையிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். வேலுத்தாய் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளை முன்னால் ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்தார்கள். மொக்கச்சாமி பின்னால் மூட்டை அடுக்கின் மேல் சாய்ந்து நின்றார்.

நாலரைக்கு அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தார். இதே நாளில் ஒரு நாடகப் பாடகர் முதல்முறையாக மைக்கைப் பார்த்துப் பயந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினாராம். சனங்கள் சிரித்தார்கள். இதே நாளில் துறைமுகத்தில் ஒரு பெட்டி பிளேட்டு கீழே விழுந்து நொறுங்கியதாம். ஐயோ என்றார்கள். அப்புறம் ஒரு பிடில் வித்துவான் பிறந்தார். அப்புறம் ஒரு பாட்டு. அப்புறம், "மீண்டும் நாளை இதே நேரத்தில்," என்று அறிவிப்பாளர் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார்.

ரேடியோ அதுபாட்டுக்கு ஏதோ சோப்பு விளம்பரம் சொன்னது. வெறும் வாயையே மெல்லுகிற முனியாயிக்கு அவல் கிடைத்துவிட்டது.

"ஏத்தா வேலுத்தாயி, ஒம் பிளேட்டு மெட்டுலருந்து எறங்கி வந்துக்கிட்டு இருக்கும் போல. கொண்டை ஊசி வளைவுல சிக்கிக்கிருச்சோ என்னமோ!"

வாசல் குலுங்கச் சிரித்தார்கள். யாரோ ஒருத்தன், "விடுங்கடி, பாவம், கனவுல பாடியிருப்பா," என்றான். கிரேஸ் அம்மாள் கையைப் பிசைந்தாள். "வேலுத்தாயி, நான் எழுதத்தான் செஞ்சேன், அவுங்க ஏன்…" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வேலுத்தாய் எழுந்து நடந்துவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்ததை நினைத்து நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்த மொக்கச்சாமி கைகால் கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்லது சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதில் சந்தேகமே இல்லை.

"இனிமேயாச்சும் அந்தப் பேச்ச விட்ரு புள்ள. நீ பாடுனாலும் பாடலைன்னாலும் எனக்கு ஒண்ணுதான்."

இதற்கு அவர் நாலு அறை அறைந்திருக்கலாம். ஒண்ணுதானாம்! வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரியம் இருக்கிறது, நம்பிக்கை இல்லை. இந்த மனுசன் தன்னை ஒரு பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே பதினேழு வருசம் பிரியமாக இருந்திருக்கிறான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

மறுநாள் வழக்கம்போல் கிட்டங்கிக்குக் கிளம்பினாள். வாசலுக்கு நாலு எட்டு இருக்கும்போதே உள்ளே முனியாயியின் குரலும் அதைத் தொடர்ந்து சிரிப்பும் கேட்டது. கால் தானாகத் திரும்பியது. வீட்டுக்கும் போகவில்லை. வெயில் ஏறும்வரை கோயில் மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, நேரே ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனாள். மலையில் அவளுடைய அண்ணன் இருந்தான். அங்கே போய்விட்டால் 'பிளேட்டு' என்று கூப்பிட ஆளில்லை.

"என்னக்கா, வெறுங்கையோட கெளம்பிட்ட?" என்றான் ஜீப்பு டிரைவர் வீரணன்.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன்ப்பா. வண்டிய எடு."

எஸ்டேட் ஆட்களும் அரிசி மூட்டையுமாக ஜீப்பு பிதுங்கியது. வளைவுக்கு வளைவு என்ஜினுக்குத் தண்ணி காட்டி, மூன்று மணி வாக்கில்தான் மெட்டு ஏறினார்கள். மேலே மஞ்சு மூடி, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. அண்ணன் இருக்கிற எஸ்டேட்டுக்கு இன்னும் மூன்று மைல் நடக்க வேண்டும். குளிர் தாங்காமல் குட்டப்பன் சாயாக்கடையில் ஒதுங்கினாள். குட்டப்பன் மலையாளத்துக்காரர். அவள் அப்பன் காலத்திலிருந்தே பழக்கம்.

"காசிமாயண்ட மகளல்லே! எந்தா சேச்சி இந்நேரத்துல? இரிக்கூ, சூடா ஒரு சாயா குடிக்கூ."

அவள் சாயாவை ஆற்றிக் குடித்துக்கொண்டிருக்கும்போது குட்டப்பனைக் கும்பிட்டுக்கொண்டே ஒரு கூலிக்காரர் வந்து, மகள் கல்யாணத்துக்குச் சிங்ஙம் இருபத்தஞ்சில் நாள் பார்த்திருப்பதாகச் சொன்னார். குட்டப்பன் திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கோட்டயத்துக் காலண்டர்.

"அப்போ இனி அஞ்சு திவசமே உள்ளூ. இன்னைக்குச் சிங்ஙம் இருபதல்லே."

வேலுத்தாய் கையிலிருந்த கிளாசைப் பெஞ்சில் வைத்தாள்.

"என்னண்ணே சொன்னீங்க? இன்னைக்கா இருபது?"

"அதே. இன்னைக்கு."

"ஆவணி இருபது நேத்தே போயிருச்சே. கிட்டங்கிக் காலண்டர்ல நானே பாத்தேனே."

குட்டப்பன் சிரித்தார். மெட்டில் கடை வைத்திருக்கிறவருக்கு இதெல்லாம் தினசரி வழக்கு. "சேச்சீ, உங்க ஆவணியும் எங்க சிங்ஙமும் ஒரே மாசம்தான். பட்சே சில வருசம் உங்களுக்கு ஒரு நாள் முந்திப் பொறக்கும். எங்களுக்கு மறுநாள். இந்த வருசம் அப்படித்தான். ஒருத்தர் இதுல ஏமாந்து கல்யாணத்துக்கே ஒரு நாள் முந்தி வந்து எறங்கிட்டாரு."

அப்படியானால் அந்த வருசமும் அப்படி இருந்திருக்கலாம். அப்பன் சொன்னது எஸ்டேட்டுக் கணக்கு. கிரேஸ் அம்மாள் பார்த்தது போடிப் பஞ்சாங்கம். பாடினது நாலாம் தேதி இல்லை, ஐந்தாம் தேதி. இன்றைக்கு! வந்த சந்தோசம் உடனே அடங்கியும் போனது. இவளுக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? கடிதத்தில் நாலாம் தேதி என்றுதானே இருக்கிறது. தேதி ஒத்துவரவில்லை என்று அக்கரைக்காரர்கள் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். ஆனாலும் அந்த ஒரு சின்ன ஆசை விடமாட்டேன் என்றது. மணி பார்த்தாள், மூன்றே முக்கால். கீழே போடிக்குப் போய்ச் சேர முடியாது.

"அண்ணே, ஒங்க ரேடியோ பாடுமா?"

குட்டப்பன் முகம் சுருங்கியது. அலமாரிமேல் ஒரு பாட்டரி ரேடியோ இருந்தது. "பாட்டரி தீரப்போகுது சேச்சி. ராத்திரி நியூசுக்கு வச்சிருக்கேன்."

அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வெளியே இன்னொரு ஜீப்பு வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மஞ்சுக்குள்ளிருந்து மொக்கச்சாமி வந்தார். தோளில் வீட்டுக் கம்பளி. கடைக்குள் அவளைப் பார்த்ததும் நின்றார்.

"கூப்பிட வந்தீகளாக்கும்," என்றாள் வேலுத்தாய், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"இல்ல. மத்தியானம் வீட்டுக்குப் போனா கஞ்சி வச்சது வச்சபடி இருக்கு. ஜீப்புக்காரங்க சொன்னாங்க." கம்பளியை நீட்டினார். "போறதுன்னா போ புள்ள. குளுருல கம்பளி இல்லாம ஏன் போற?"

இப்பேர்ப்பட்ட ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள். கோபத்தைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ள விடமாட்டேன் என்கிறார். அவள் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். ஆவணி, சிங்ஙம், ஒரு நாள் வித்தியாசம், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். மொக்கச்சாமி கேட்டுக்கொண்டார். 'சரி' என்று சொல்லப்போகிறார் என்று அவள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் சொல்லவில்லை.

"ஒரு நாளு பிசகுனது ரேடியோக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுதான். வராமயும் போகலாம்."

மொக்கச்சாமி குட்டப்பனிடம் திரும்பி, "அண்ணே, ரேடியோவப் போடுங்க. நான் கீழ போயி நாளைக்கே புதுப் பாட்டரி வாங்கிக் குடுத்து விடுறேன்," என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு வேலுத்தாய் பார்த்ததில்லை.

குட்டப்பன் அரைமனசோடு குமிழைத் திருகினார். கர்ர்ர் என்றது, மலையாளத்தில் கதகளிப் பதம் கேட்டது, மறுபடி கர்ர்ர். நாலரை தாண்டிவிட்டது. முள் இன்னும் ஒரு முடி நகர்ந்தது. மலை உச்சி அல்லவா, திடீரென்று அறிவிப்பாளர் கடைக்குள்ளேயே நின்று பேசுவதுபோல் துல்லியமாகக் கேட்டார்.

"…ஆகவே அந்த வித்துவான் அன்றிலிருந்து குதிரை வண்டியில் ஏறவே இல்லை. நேயர்களே, இன்றைய நாளில் அடுத்த செய்தி போடிநாயக்கனூரிலிருந்து. திருமதி கிரேஸ் சத்தியநேசன் ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுதியிருந்தார். செப்டம்பர் நான்கு என்று குறிப்பிட்டிருந்தார். எங்கள் களஞ்சியத்தில் தேடித் தட்டை எடுத்தோம். பதிவு செய்த கம்பெனிக்கு எழுதி விசாரித்ததில், அவர்கள் புத்தகத்தில் செப்டம்பர் ஐந்து என்று இருக்கிறதாம். எனவே அவர் கடிதத்தை ஒரு நாள் காத்திருக்க வைத்தோம், மன்னிக்கவும். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் பதிவான இந்தப் பாட்டில் இரண்டு குரல்கள் உண்டு. தட்டின் மேல் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. கம்பெனியின் புத்தகத்தில் மற்றவர் பெயரும் இருக்கிறது. வேலுத்தாய், போடி மலை."

வேலுத்தாய் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். போன மானம் திரும்பி வந்துவிட்டது. பொய்க்காரி இல்லை. கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, பொய்க்காரி இல்லை! அப்பன் மட்டும் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதே ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது.

கதாநாயகியின் குரல் முதலில் வந்தது. பிறகு அதன் பின்னால் ஒரு மெல்லிய குரல் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. மெட்டு ஏறும் மேகம், நனைகிற மேலாக்கு. குட்டப்பன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கல்யாணச் சேதி சொல்ல வந்தவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மூன்று நிமிசம். பாட்டு முடிந்ததும் கடையே திரும்பி வேலுத்தாயைப் பார்த்தது.

அவள் முகம் வெளுத்திருந்தது.

"அது நானில்ல," என்றாள்.

"எந்தா?" என்றார் குட்டப்பன்.

"எங் கொரலு இப்பிடியா இருக்கும்? அது யாரோ மூக்கால பாடுது. வேற பிளேட்டப் போட்டுட்டாக. பேரு எம்பேரு, பாட்டு வேற ஆளு."

இதை என்னவென்று சொல்வது? இருபது வருசம் இவள் சொன்னதை ஊர் நம்பவில்லை. ஊர் நம்பத் தயாராகிற நேரத்தில் இவள் நம்பமாட்டேன் என்கிறாள். தன் குரலை வெளியிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டிராதவளுக்கு அது அந்நியமாகத்தான் இருக்கும். ஆனால் அதை அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது? இவ்வளவு தூரம் வந்து கடைசியில் இப்படி ஆயிற்றே என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மொக்கச்சாமி ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றவர் நின்றபடியே இருந்தார். பாட்டு முடிந்தது தெரியாத மாதிரி இன்னும் காதை அந்தப் பக்கம் சாய்த்திருந்தார்.

"நீதான் புள்ள," என்றார்.

"ஒங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் நம்பவே இல்லையே."

"நம்பலதான்." அவர் ரேடியோவைக் கையால் காட்டினார். "அந்த ரெண்டாவது கொரலு, மேலாக்குன்னு மேல போறதுக்கு முன்ன ஒரு சொட்டு நின்னு மூச்சு இழுக்குது பாரு. நீ அரிசி களையும்போது பாடுவ. எந்தப் பாட்டுனாலும் மேல போறதுக்கு முன்ன அப்பிடித்தான் நிப்ப. நான் செவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீ நின்னா எனக்கும் மூச்சு நின்னுரும். பதினேழு வருசமா கேக்குறேன். எனக்குத் தெரியாதா?"

கல்யாணமானதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"கேட்டுக்கிட்டா இருந்தீக?"

"வேற என்ன சோலி எனக்கு?" என்றார் மொக்கச்சாமி. "மெட்ராசு போனதத்தான் நம்பல. என்னமோ சின்ன வயசுல ஆசப்பட்டது, சொல்லிட்டுப் போகட்டும்னு நெனச்சேன். தப்புதான்."

வேலுத்தாய் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழ அழ மனசிலிருந்த பாரமெல்லாம் இறங்கி, கடைசியில் சிரிப்பாகவும் வந்தது. அந்தக் குரல் தன்னுடையதா என்று அவளுக்கு இன்னமும் சந்தேகம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்குச் சந்தேகம் இல்லை.

கீழே இறங்க வீரணனின் ஜீப்பே கிடைத்தது. முன் ஸீட்டில் மொக்கச்சாமி, பக்கத்தில் அவள். முதல் வளைவு திரும்புவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். சுவரெல்லாம் கம்பளி தொங்கின அறை, உயரம் பற்றாமல் ஏறி நின்ற மரப்பெட்டி, ரோஸ் மில்க் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. அவ்வளவையும் கேட்டு மனசில் வைத்திருந்திருக்கிறார். வீரணன், "அப்பிடியா மாமா, அப்பிடியா," என்று ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே வந்தான். அடுத்த வளைவில் ஏறின இரண்டு ஆட்களுக்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"போதும், விடுங்க," என்று அவர் முழங்கையைக் கிள்ளினாள் வேலுத்தாய்.

அவர் விடுவதாக இல்லை. போடியில் ஜீப்பு நின்றபோது கிட்டங்கிக் கூட்டம் முழுக்க ரோட்டில் காத்திருந்தது. கிரேஸ் அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். முனியாயி எல்லோரையும் முந்திக்கொண்டு வந்து, "ஏத்தா, நாங்க கேட்டோம்த்தா, நீ கேட்டியா? அது நெசமா நீதானா?" என்றாள்.

வேலுத்தாய் வாயைத் திறப்பதற்குள் மொக்கச்சாமி ஜீப்பிலிருந்து குதித்தார்.

"அவள ஏன் கேக்குற? அவளுக்கு அடையாளம் தெரியாது," என்றார் உரக்க. "என்னக் கேளு."